முன்ஸ்டருக்கு வந்த தனிப்பிரதி

1936ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் 36 பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர் அலன் டியூரிங், வயது 24. கணிக்கத்தக்க எண்கள் பற்றிய அந்த ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பு ஒரு ஜேர்மன் சொல்லில் முடிகிறது: என்ட்ஷைடுங்ஸ்ப்ரொப்லேம். அதற்கு ஆங்கிலத்தில் அப்போது நிலைத்த பெயர் இருக்கவில்லை. கேள்வி பிறந்தது இந்த நாட்டில் என்பதால், கேட்டவர்களின் சொல்லையே டியூரிங் வைத்துக்கொண்டார்.

என்ட்ஷைடுங் என்றால் முடிவு, தீர்மானம். எண்பதுகளில் இங்கே வந்து இறங்கிய எங்களில் அனேகருக்கு, வணக்கம் சொல்லப் பழகிய கையோடு தெரியவந்த சொல் அது. தஞ்சம் கேட்டு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, விசாரணையும் முடிந்தாயிற்று, இனி ‘முடிவு’ வரவேண்டும். எனக்கு அது ஆறு வருடம் வரவில்லை. கணிதத்தில் இதே சொல் என்ன செய்கிறது என்று பல காலம் கழித்துத்தான் பார்த்தேன். மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் கணினியியல் படித்த நாட்களில், அவளுடைய பாடக்குறிப்பின் ஓர் அத்தியாயத் தலைப்பில் அது இருந்தது. அந்தச் சொல்லுக்காகத்தான் வாசிக்கத் தொடங்கினேன்.

கேள்வியை எழுப்பியவர் டேவிட் ஹில்பேர்ட். கோனிக்ஸ்பேர்க் பக்கத்தில் 1862இல் பிறந்தவர், 1895 முதல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1900இல் பாரிஸ் மாநாட்டையொட்டி, இருபதாம் நூற்றாண்டு தீர்க்கவேண்டிய 23 கணக்குகளை அவர் வரிசைப்படுத்தியது பிரசித்தம். அவற்றில் பத்தாவதிலேயே இந்தக் கேள்வியின் சாயல் உண்டு. 1928இல் வில்ஹெல்ம் அக்கர்மனோடு சேர்ந்து எழுதிய சிறிய தர்க்க நூலில் அது முழு வடிவம் பெற்றது. ஒரு கூற்றைத் தர்க்கக் குறியீடுகளில் எழுதித் தருகிறோம். எந்தப் பொருளைக் குறித்துச் சொன்னாலும் அது உண்மையாகவே இருக்குமா? இதைச் சொல்ல மேதைமையோ உள்ளுணர்வோ தேவைப்படாமல், விதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பற்றினாலே போதும் என்றிருக்கும் ஒரு பொது வழிமுறை உண்டா?

உண்டு என்றே ஹில்பேர்ட் நம்பினார். 1930 செப்டெம்பர் 8ஆம் திகதி, ஓய்வுபெற்ற கையோடு, பிறந்த ஊரில் பேசினார். ‘நாம் அறிந்தாகவேண்டும், நாம் அறிவோம்’ என்று முடியும் அந்தப் பேச்சின் வானொலிப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. கோட்டிங்கன் மயானத்தில் அவருடைய கல்லறையிலும் அதே சொற்களைப் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு முதல்நாள், அதே நகரில், வேறொரு கூட்டத்தின் கலந்துரையாடலில், வியன்னாவிலிருந்து வந்திருந்த குர்ட் கேடெல் என்ற 24 வயது இளைஞர் அமைதியாக ஒன்றைச் சொல்லியிருந்தார். எண்கணிதத்துக்கு எத்தனை விதிகளை முன்வைத்தாலும், அவை முரண்படாதவரை, அவற்றால் நிறுவ முடியாத உண்மைகள் மிஞ்சியே இருக்கும். அங்கிருந்தவர்களில் ஓரிருவருக்குத்தான் அதன் கனம் உடனே புரிந்தது. ஆனாலும் கேடெல், முடிவு காணும் வழிமுறை பற்றிய கேள்வியை மூடிவிடவில்லை. எல்லாவற்றையும் நிறுவ முடியாவிட்டாலும், எது நிறுவத்தக்கது, எது அல்ல என்று பிரித்துச் சொல்லும் வழிமுறை ஒன்று இருக்கக்கூடுமே.

அந்தக் கேள்விக்குக் கோட்டிங்கனிலேயே விடை வந்திருக்க வாய்ப்பிருந்தது. 1933 ஏப்ரல் 7ஆம் திகதிச் சட்டம் யூதர்களையும் அரசுக்கு வேண்டாதவர்களையும் அரச பதவிகளிலிருந்து அகற்றியது. எம்மி நோதர், றிச்சர்ட் குராண்ட், மக்ஸ் போர்ன் போனார்கள். ஹில்பேர்ட்டோடு தர்க்கத்தில் நெருங்கி உழைத்த போல் பெர்னைஸ் சூரிச்சுக்குத் திரும்பினார். ஹேர்மன் வைல் பிரின்ஸ்டன் போய்ச் சேர்ந்தார். எட்மண்ட் லண்டாவ் நவம்பரில் விரிவுரைக்கு வந்தபோது மாணவர்கள் புறக்கணித்து வாசலில் நின்றார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு நல்ல கணித மாணவர். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, படித்தவன் செய்யமாட்டான் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஹில்பேர்ட் மட்டும் ஊரில் இருந்தார், 1943இல் இறக்கும்வரை.

விடை கேம்பிரிட்ஜில் வந்தது. வந்த வழியில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. டியூரிங்கின் தாய் எதல் சாரா ஸ்டோனி 1881இல் பிறந்தது கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில். அவருடைய தகப்பன் சென்னை ரயில்வேயின் தலைமைப் பொறியியலாளர். டியூரிங்கின் தந்தை ஜூலியஸ் சென்னை மாகாணத்தில் சிவில் சேவை அதிகாரி. பதவிக்காக அவர் படித்த பாடங்களில் தமிழும் இருந்தது என்று ஆண்ட்ரூ ஹொட்ஜஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அலன் 1912 யூன் 23இல் லண்டனில் பிறந்தார். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபோது அவரையும் தமையனையும் இங்கிலாந்தின் தென்கரையில், ஓய்வுபெற்ற ஓர் இராணுவத் தம்பதியிடம் விட்டுப் போனார்கள். பிள்ளையின் காலநிலைக்கும் படிப்புக்கும் அதுதான் நல்லது என்பது அந்தக் கால ஆட்சியாளர் வீடுகளின் வழக்கம். சாராவையும் சிறுவயதில் இப்படித்தான் அயர்லாந்துக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளையை ஒரு கண்டத்தில் வைத்து மறு கண்டத்திலிருந்து கடிதம் எழுதுவது என்னவென்று இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அந்த மகன் தாய்க்கு எழுதிய கடிதம் ஒன்று பிறகு நமக்குத் தேவைப்படும்.

1935இல் கேம்பிரிட்ஜில் மக்ஸ் நியூமன் நடத்திய விரிவுரைகளில்தான் டியூரிங் ஹில்பேர்ட்டின் கேள்வியைக் கேட்டார். ‘இயந்திரத்தனமாகச் செய்யக்கூடிய’ வழிமுறை உண்டா என்று நியூமன் சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் அதை உவமையாக எடுத்துக்கொண்டார்கள். டியூரிங் அதை நேராகவே எடுத்துக்கொண்டார். இயந்திரத்தனம் என்றால் சரியாக என்ன?

அப்போது ஆங்கிலத்தில் கொம்பியூட்டர் என்றால் ஆள், பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து கணக்குப் போடும் எழுத்தர். டியூரிங் அந்த ஆளைத்தான் கவனித்தார். அவருடைய தாள் சிறுபிள்ளைகளின் கணக்குக் கொப்பிபோலக் கட்டம் கட்டமாகப் பிரிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம் என்கிறார். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் நாங்கள் வைத்திருந்த சதுரறூள் கொப்பிதான் அது. அதில் ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். தாள் இரண்டு பக்கமும் விரியவேண்டியதில்லை, ஒற்றை வரிசைக் கட்டங்கள் கொண்ட நாடாவே போதும், அது தீராமல் நீளவேண்டும், அவ்வளவுதான்.

399உடன் ஒன்றைக் கூட்டுங்கள். கடைசிக் கட்டத்தில் 9. ஒன்பதும் ஒன்றும் பத்து, பூச்சியம் போட்டு ‘மனதில் ஒன்று’. இடப்பக்கம் நகர்கிறோம். மறுபடியும் 9, மறுபடியும் பூச்சியம், மனதில் ஒன்று. இன்னும் இடப்பக்கம். அங்கே 3. அதை அழித்து 4 போடுகிறோம். மனதில் ஒன்றுமில்லை, வேலை முடிந்தது. 400.

இதில் நாங்கள் செய்ததெல்லாம் என்ன? ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டத்தைப் பார்த்தோம். அதிலுள்ள குறியையும் மனதில் இருந்ததையும் கொண்டு மூன்று செய்தோம்: கட்டத்தில் ஒன்றை எழுதினோம், ஒரு கட்டம் நகர்ந்தோம், மனதை மாற்றினோம் அல்லது அப்படியே வைத்தோம். எண் முந்நூறா முப்பது கோடியா என்று தெரியவேண்டிய அவசியமே இல்லை. ‘மனதில் ஒன்று’ என்று வாய்விட்டுச் சொல்லிக் கூட்டிய எந்தப் பிள்ளையும், டியூரிங் ‘மனநிலை’ என்று பெயரிட்டதைச் சொல்லியிருக்கிறது. இப்படி ‘மனதில் இது, கட்டத்தில் இது என்றால் இதைச் செய்’ என்ற வரிகளால் ஆன ஓர் அட்டவணையே டியூரிங் இயந்திரம். பற்சக்கரமோ மின்சாரமோ அதற்குத் தேவையில்லை. கணக்குப் போடும் மனிதர் ஒருவர் விதி வழுவாமல் செய்யக்கூடிய எதையும் இப்படியான அட்டவணையாக எழுதிவிடலாம் என்பது அவருடைய வாதம்.

அடுத்த படி சாதாரணமாகத் தோன்றும், ஆனால் இன்று என் மேசையில் இருப்பது அதன் விளைவுதான். அட்டவணையும் எழுத்துக்களால் ஆனதுதானே? அப்படியானால் அதையும் நாடாவில் எழுதலாம். எந்த இயந்திரத்தின் அட்டவணையை எழுதி வைத்தாலும் அதை வாசித்து அந்த இயந்திரம் செய்வதை அப்படியே செய்யும் ஒரே இயந்திரத்தை டியூரிங் வரைந்து காட்டினார். கூட்டலுக்கு ஒரு பெட்டி, பெருக்கலுக்கு ஒரு பெட்டி என்று வேண்டாம். ஒரே பெட்டியும் பல அட்டவணைகளும் போதும்.

இனி ஹில்பேர்ட்டுக்கு விடை. சில இயந்திரங்கள் வேலை முடிந்து நிற்கும், சில நில்லாமல் ஓடும். ஓர் அட்டவணையையும் அது தொடங்கும் நாடாவையும் தந்தால், அது எப்போதாவது நிற்குமா என்று தவறாமல் சொல்லும் ‘சோதிடர்’ இயந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சோதிடரை உள்ளே வைத்து ஓர் எதிர்க்கட்சி இயந்திரம் செய்வேன். அதனிடம் ஏதாவது அட்டவணையைக் கொடுத்தால், ‘இந்த இயந்திரத்துக்கு அதன் அட்டவணையையே நாடாவாகக் கொடுத்தால் நிற்குமா?’ என்று சோதிடரைக் கேட்கும். நிற்கும் என்று பதில் வந்தால் வேண்டுமென்றே முடிவில்லாமல் ஓடும். நிற்காது என்று வந்தால் உடனே நிற்கும். இப்போது எதிர்க்கட்சியிடம் அதன் அட்டவணையையே கொடுங்கள். சோதிடர் நிற்கும் என்றால் அது ஓடும், ஓடும் என்றால் அது நிற்கும். சோதிடர் எதைச் சொன்னாலும் பொய். ஆகவே அப்படியொரு சோதிடர் இருக்கமுடியாது. டியூரிங் முடிவில்லாமல் இலக்கங்களை எழுதிக்கொண்டே போகும் இயந்திரங்களை வைத்து வேறு விதமாகத்தான் பேசினார், ‘நிற்குமா’ என்ற வடிவம் பின்னால் வந்தது. வாதத்தின் எலும்பு ஒன்றே. இயந்திரங்கள் செய்வதைத் தர்க்கக் குறியீடுகளில் எழுதலாம் என்பதால், ஹில்பேர்ட் கேட்ட வழிமுறை இருந்தால் சோதிடரும் இருப்பார். சோதிடர் இல்லை, வழிமுறையும் இல்லை.

இயந்திரத்தின் வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை மகள் எனக்கு இரண்டு முறை விளக்கவேண்டி வந்தது. ஓர் உதாரணம் உதவியது. கோனிக்ஸ்பேர்க்கில் பிறந்த இன்னொருவர், கிறிஸ்டியான் கோல்ட்பாக், 1742இல் ஒயிலருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்த ஊகம்: 2ஐ விடப் பெரிய எந்த இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை. 4, 6, 8 என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, பொய்த்துப்போகும் எண்ணைக் கண்டவுடன் நிற்கும் இயந்திரத்தை எழுதுவது எளிது. அது நின்றால் ஊகம் பொய் என்று அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடும். நிற்கவில்லை என்றால்? நேற்றுவரை நிற்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும். இன்றுவரை அந்த ஊகத்தை யாரும் நிறுவவுமில்லை, உடைக்கவுமில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த ஆறு வருடம் நினைவுக்கு வந்தது. முடிவு வந்தவனுக்கு வந்துவிட்டது என்று தெரியும். வராதவனுக்கு, இன்னும் வரவில்லையா, இனி வரவே வராதா என்று பிரித்துச் சொல்ல எந்த வழியும் இல்லை, தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பதைத் தவிர. கணிதக்காரர்கள் இந்த ஒப்பீட்டை ஏற்கமாட்டார்கள். அலுவலகக் கோப்புக்கு நிறுவல் கிடையாது, அதற்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், அவர் நினைத்தால் நாளையே கையெழுத்திடலாம். அதுவும் சரிதான்.

இதே விடையை அமெரிக்காவில் அலொன்சோ சேர்ச் வேறு வழியில் சில மாதங்கள் முந்தியே கண்டிருந்தார். டியூரிங் 1936 செப்டெம்பரில் பிரின்ஸ்டனுக்கு அவரிடமே போனார். ‘டியூரிங் இயந்திரம்’ என்ற பெயர் சேர்ச் அந்தக் கட்டுரைக்கு எழுதிய மதிப்புரையில் வந்தது. பெயர் கிடைத்ததே தவிர கவனம் கிடைக்கவில்லை. பிரின்ஸ்டனில் டியூரிங் பேசிய கூட்டத்துக்கு அதிகம் பேர் வரவில்லை. 1937இன் தொடக்கத்தில் தாய்க்கு எழுதினார்: கட்டுரையின் தனிப்பிரதி கேட்டு இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்று கேம்பிரிட்ஜில் அவருடைய கல்லூரியைச் சேர்ந்த தத்துவவாதி பிரெய்த்வெய்ட்டிடமிருந்து. மற்றது ஜேர்மனியில் ஒரு பேராசிரியரிடமிருந்து.

அந்தப் பேராசிரியர் முன்ஸ்டரில் இருந்த ஹைன்றிக் ஷோல்ஸ். ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போகும் எங்களுக்கு முன்ஸ்டர் ரயிலில் அரைமணித் தூரம்கூட இல்லை. எத்தனையோ தடவை அந்த நகரைக் கடந்திருக்கிறேன், இந்தக் கதையோடு அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை. ஷோல்ஸ் 1884இல் பேர்லினில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர், இறையியல் படித்து அதிலேயே பேராசிரியரானவர். 1921இல் கீல் நகர நூலகத்தில் றஸலும் வைட்ஹெட்டும் எழுதிய கணிதத் தர்க்க நூல் தற்செயலாகக் கையில் அகப்பட்டது. முப்பத்தேழு வயதில், பேராசிரியராக இருந்துகொண்டே, கணிதமும் பௌதிகமும் மாணவராகப் படிக்கத் தொடங்கினார். 1928இல் முன்ஸ்டருக்கு வந்து தர்க்கத்துக்கு ஒரு மையம் கட்டினார். கோட்டிங்கன் காலியாகிக்கொண்டிருந்த வருடங்களில் ஜேர்மனியில் இந்த விளக்கு எரிந்தது அங்கேதான். டியூரிங்கின் கட்டுரையை வரவழைத்ததோடு நிற்காமல் மாணவர்களோடு உட்கார்ந்து படித்தார். அவருடைய வட்டத்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெர்மஸ் 1937இலேயே கணிக்கத்தக்க எண்களைப் பற்றி ஜேர்மன் மொழியில் கட்டுரை எழுதினார். ஜேர்மனியில் கணினி வரலாறு என்றால் கொன்றாட் சூஸ பேர்லினில் செய்த இயந்திரத்தைத்தான் சொல்வார்கள். அது பெரிய கதை, வேறொரு நாள் சொல்லவேண்டியது. முன்ஸ்டர்க் கதை சொல்லப்படுவது குறைவு.

ஷோல்ஸை வீரனாக்க நான் விரும்பவில்லை. அவர் பதவியில் இருந்தார், அந்த ஆட்சியின் கீழ் சம்பளம் வாங்கினார். அதே வேளை, 1939 நவம்பரில் கிராக்கோவில் கைதாகி சாக்சன்ஹவுசன் முகாமில் அடைபட்ட போலந்துத் தர்க்கவியலாளர், பாதிரியார் யான் சலமுகாவுக்காக அதிகாரிகளுக்கு எழுதினார். சலமுகா 1941இல் விடுதலையானதில் அவருக்கும் பங்குண்டு. யான் வூகாசியேவிச்சையும் மனைவியையும் 1944இல் வார்சோவிலிருந்து வெளியேற்ற உதவினார். சலமுகா அந்த ஆண்டே வார்சோக் கிளர்ச்சியில் கொல்லப்பட்டார். ஓர் அரசு கெட்டுப்போகும்போது உள்ளே இருப்பவர்கள் என்ன செய்யமுடியும், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்ற கணக்கு எங்களுக்கும் புதிதல்ல. ஷோல்ஸின் பக்கம் அந்தக் கணக்கில் வரவுமுண்டு, செலவுமுண்டு.

அவருடைய இளம் மாணவர் கிஸ்பேர்ட் ஹாஸன்யேகர் 1942இல் ரஷ்யப் போர்முனையில் காயப்பட்டுத் திரும்பினார். அவர் மறுபடி முனைக்குப் போகாமலிருக்க ஷோல்ஸ் உதவினார், இராணுவத் தலைமையகத்தின் சங்கேதப் பிரிவில் வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? ஜேர்மன் படைகளின் எனிக்மா சங்கேத இயந்திரம் எதிரிகளால் உடைக்கக்கூடியதா என்று சோதிப்பது. எனிக்மாவைப் போலந்தின் மரியான் ரெயெவ்ஸ்கி 1932இலேயே முதலில் உடைத்துவிட்டார். 1939 செப்டெம்பர் முதல் பிளெட்ச்லி பார்க்கில் அதை நாள்தோறும் உடைக்கும் வேலையில் முன்னின்றவர் டியூரிங். டியூரிங் கட்டுரையின் முதல் வாசகர்களில் ஒருவரின் மாணவன் பூட்டைச் சோதிக்கிறான், கட்டுரையை எழுதியவர் மறுபக்கம் அதே பூட்டைத் திறந்துகொண்டிருக்கிறார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. பிளெட்ச்லி இரகசியம் வெளியான எழுபதுகளில்தான் ஹாஸன்யேகருக்கு விஷயம் தெரியவந்தது. தான் தவறவிட்டதைக் கண்டது டியூரிங் என்பதில் அவருக்கு வருத்தத்தைவிட மதிப்பே அதிகம் இருந்ததாகச் சொல்கிறார்கள். ஒன்றை நான் துணிந்து சொல்வேன்: அந்த இளைஞன் தன் வேலையில் தோற்றது நல்லது.

1945 மார்ச் 25இல் முன்ஸ்டர் மீது குண்டு விழுந்தது. ஷோல்ஸ் பாடுபட்டுச் சேர்த்து வைத்திருந்த, கொட்லோப் ஃபிறேகவின் கையெழுத்துப் பிரதிகள் அன்று அழிந்தன. நவீன தர்க்கத்தைத் தொடங்கிவைத்தவரின் காகிதங்கள் அவை. நூலகம் எரிவதென்றால் என்ன என்று 1981க்குப் பிறகு எங்களுக்கும் யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. டியூரிங் அனுப்பிய தனிப்பிரதி மட்டும் எப்படியோ தப்பியது. பல பத்தாண்டுகள் பழைய தாள்களுக்கிடையே கிடந்து, இந்த நூற்றாண்டில் முன்ஸ்டர் கணினியியல் பேராசிரியர் ஒருவரின் கண்ணில் பட்டது.

டியூரிங் 1952இல் ஓரினச்சேர்க்கைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, 1954 யூன் 7இல் இறந்தார். பிரித்தானிய அரசியின் பொதுமன்னிப்பு 2013இல் வந்தது. தாய் சாரா மகனின் வாழ்க்கையைத் தானே ஒரு புத்தகமாக எழுதி 1959இல் வெளியிட்டார். ஷோல்ஸ் 1956இல் இறந்தார். ஹில்பேர்ட்டின் பத்தாவது கணக்குக்கும் வழிமுறை கிடையாது என்று 1970இல் லெனின்கிராட்டில் யூரி மத்தியாசெவிச் முடித்து வைத்தார். அதிலும் டியூரிங்கின் வாதமே அடித்தளம்.

ஹாஸன்யேகர் போருக்குப் பிறகு தர்க்கத்துக்கே திரும்பி, பொன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். மாணவர்களுக்குக் காட்டுவதற்காகப் பழைய தொலைபேசி நிலையத்தின் ரிலேக்களைப் பொறுக்கி, எந்த அட்டவணையையும் நடத்திக்காட்டக்கூடிய ஒரு டியூரிங் இயந்திரத்தைக் கையாலேயே கட்டினார். 2006இல் அவர் இறந்தபின் அது பாடர்போர்னிலுள்ள ஹைன்ஸ் நிக்ஸ்டோர்ஃப் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த அருங்காட்சியகத்தில் எனிக்மா இயந்திரங்களும் இருக்கின்றன.